பழைய மொறிஸ் மைனர் எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டி காபரேற்றரும் மாத்துறது: முதல்தரம் செய்யிற ஆக்களுக்கு

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். கார் புகைக்குது, நாலுபேர் ஏறினா இழுக்குதில்லை, பெற்றோல் குடிக்குது எண்டவுடன, பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு விடுற காபரேற்றர்ல பழியைப் போடாதேங்கோ. நான் அப்பிடித்தான் போட்டனான். அப்பாவின்ர கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். கொழும்புக்குப் போய் பழைய கார்ச்சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒருநாள் முழுக்க வெயிலுக்குள்ள அலைஞ்சு ஒரு எச்.எஸ்.2 காபரேற்றர் வாங்கிக்கொண்டு வந்து பூட்டினா, பழையபடி அதே நீலப்புகை. மானிப்பாய் றோட்டில பின்னால வந்த மோட்டச்சைக்கிள்காரர் லேஞ்சியால மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பாத்துப்போட்டு முந்திக்கொண்டு போனார். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, வருத்தம் வயித்துக்குள்ள, நான் மருந்து பூசினது மூக்கில எண்டு.

அதால இந்தக் கட்டுரையின்ர ஒழுங்கு இதுதான்: முதல் அளந்து பாக்கிறது, பிறகு எஞ்சின், கடைசியாத்தான் காபரேற்றர். மாத்திச் செய்தா காசும் போகும், எது பிழை எண்டும் தெரியாது.

எங்கட பக்கத்துக் காருகளுக்கு ஒரு தனிக்கதை இருக்கு, அதையும் தெரிஞ்சுகொண்டு தொடங்குங்கோ. 1990களின்ர முன்பாதியில பொருளாதாரத் தடையால யாழ்ப்பாணத்தில பெற்றோல் காணக்கிடைக்காத சாமான். மைனர், ஏ40, ஒக்ஸ்போட் எல்லாம் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடினதுகள். ஓடினது உண்மை, ஆனா சும்மா ஓடேல்லை. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில ஆவியாகாது, பாதி ஈரமாவே சிலிண்டர் சுவரில வழிஞ்சு அங்க இருக்கிற ஒயில் படையைக் கழுவிப்போடும், பிஸ்ரனைச் சுத்தியிருக்கிற ரிங்கும் அது ஓடுற சிலிண்டர்க் குழலும் (அதுதான் போர்) வெறும் இரும்போட இரும்பா உரஞ்சும், மிச்சம் அடியில இருக்கிற ஒயில் தொட்டியான சம்புக்குள்ள இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், அதோட கிராங் எண்ட சுழல்தண்டின்ர பெயரிங்கும் போகும். வால்வில கரி கட்டும். அந்தக் காலத்தை ஓடிக் கழிச்ச எஞ்சின் அதுக்குப் பிறகு பிரிபடாமல் இருந்தா உள்ளுக்கு என்ன இருக்கும் எண்டு இப்பவே ஊகிச்சுக்கொள்ளலாம்.

கழட்ட முதல் சோதிக்கிறது

முதல் உங்கட எஞ்சின் என்ன எஞ்சின் எண்டு பாருங்கோ. கன காருகளில எஞ்சின் ஏற்கெனவே மாறியிருக்கும், புத்தகத்தை நம்பேலாது. நம்பர் தகட்டில 9எம் எண்டு தொடங்கினா 948, 10எம் எண்டு தொடங்கினா 1098. பின்னால வாற எச் எண்டது கூடின கொம்பிரசன் (சிலிண்டருக்குள்ள கலவை நெரிபடுற அளவு), எல் எண்டது குறைஞ்ச கொம்பிரசன். 948க்கு போர் விட்டம் 62.9 மில்லிமீற்றர், ஸ்ரோக், அதாவது பிஸ்ரன் மேல கீழ போற தூரம், 76.2. 1098க்கு 64.6, 83.7. பிஸ்ரன், கஸ்கற், பெயரிங் வாங்கேக்க இது பிழைச்சா எல்லாம் பிழைச்சுது.

பிறகு கொம்பிரசன் கேஜ். இரவல் வாங்கியாவது பாருங்கோ. எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழட்டி, கொயில் வயரையும் கழட்டிவிட்டு, ஆரையாவது அக்சிலரேற்றரை அடிமட்டும் மிதிச்சுப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரையும் அஞ்சாறு சுத்து சுத்துங்கோ. அக்சிலரேற்றர் மிதிக்காமல் பாத்தா காத்து உள்ளுக்குப் போகாது, எல்லாம் குறைவாத்தான் காட்டும், அதைப் பாத்துப் பயந்து எஞ்சினை இறக்கின ஆக்களும் இருக்கினம். என்ர காருக்கு 115, 110, 70, 105 பி.எஸ்.ஐ. மூண்டாவது சிலிண்டர் படுத்திட்டுது. இப்ப அந்தப் பிளக் ஓட்டையால ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கோ. எண் ஏறினா ரிங், போர் தேய்மானம். ஏறாட்டி வால்வ், அல்லது சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டின்ர கஸ்கற். எனக்கு 70 நூறாச்சு. சரி, இறக்கத்தான் வேணும்.

ஆயுதங்கள்

இது இங்கிலீஸ்காரன்ர கார். மில்லிமீற்றர் ஸ்பானரைக் கொண்டுபோய் நட்டின்ர மூலையளை உருட்டிப்போடாதேங்கோ. எஞ்சினில பெரும்பாலும் யூ.என்.எஃப் நட்டுகள், 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பானர் கட்டாயம் வேணும். 13 மில்லிமீற்றர் ஸ்பானர் அரை அங்குல நட்டில ஏறும், ஏறும் எண்டதுக்காகப் பாவிக்கிறேல்லை. இறுக்கிற அளவைக் காட்டுற ரோர்க் ரெஞ்ச், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ், ரிங்கை நெரிச்சுப் பிடிக்கிற ரிங் கொம்பிரசர், பெயரிங் இடைவெளி பாக்கிற பிளாஸ்ரிகேஜ் எண்டுற மெழுகு நூல் ஒரு துண்டு, இவ்வளவும் காணும். மைக்ரோமீற்றர் கடைசல் வேலை செய்யிற லேத்காரரிட்ட இருக்கும்.

இன்னொண்டு, மைனர் பொசிற்றிவ் ஏர்த். பற்றறியின்ர கூட்டல் பக்கம்தான் பொடிக்குப் போகுது. ஆரும் இடையில மாத்தியிருக்கவும் கூடும், அதால கழட்டேக்க எது எங்க இருந்தது எண்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ.

இறக்கிப் பிரிக்கிறது

தண்ணியும் ஒயிலும் வடிய விடுங்கோ, பொனற்றைக் கழட்டுங்கோ, ரேடியேற்றரைக் கழட்டுங்கோ, வயர், கேபிள், சைலன்சர் பைப், பெற்றோல் லைன் எல்லாத்திலயும் மாஸ்கிங் ரேப் ஒட்டி இலக்கம் போடுங்கோ. கியர்பொக்ஸை ஜாக்கில தாங்கி வைச்சுக்கொண்டு எஞ்சினை மட்டும் முன்னுக்கு இழுத்துத் தூக்கலாம். நூறு கிலோவுக்கு மேல நிறை, செயின் புளொக் இல்லாமல் கைவைக்காதேங்கோ. செயின் புளொக்கை எதில கட்டுறியள் எண்டதும் முக்கியம். கராச் வளை இரும்பாயிருந்தா நல்லது, மாமரத்தின்ர தடிச்ச கொப்பும் தாங்கும். முருங்கையில கட்டினவன்ர கதையை நான் இஞ்ச எழுதேல்லை.

இனித்தான் பொறுமை. பிஸ்கற் ரின், சொப்பிங் பை, மார்க்கர் பேனை, போன். ஒவ்வொரு நட்டும் எங்க இருந்து வந்தது எண்டு பையில எழுதி வையுங்கோ. "எனக்கு ஞாபகம் இருக்கும்" எண்டு நினைப்பியள், லேத்தில இருந்து சாமான் வர ஆறு கிழமை ஆகும், அப்ப பாருங்கோ ஞாபகத்தை. வால்வுகளை அசைக்கிற தண்டுகளான புஷ்ரொட் எட்டையும் ஒரு காட்போட் மட்டையில எட்டு ஓட்டை போட்டு அந்த ஒழுங்கிலயே குத்தி வையுங்கோ. புஷ்ரொட்டுக்கு அடியில இருக்கிற ரப்பற்றும் அப்பிடித்தான், பழைய காம்ஷாஃப்ற்றோட தேய்ஞ்ச துண்டுகள் இடம் மாறக்கூடாது.

ஹெட்டுக்கு மேல நிண்டு வால்வுகளை அமத்துற ரொக்கரைக் கழட்டேக்க ஒரு பொறி இருக்கு. ரொக்கர் தூணுகளைப் பிடிச்சிருக்கிற எட்டு நட்டில நாலு நட்டு ஹெட்டையும் சேத்துத்தான் பிடிச்சிருக்கு. அந்த நாலை மட்டும் கழட்டினா ஹெட் ஒரு பக்கம் இறுகி, மற்றப்பக்கம் விட்டு, முறுகும். அதால ரொக்கரை மட்டும் கழட்டுறதெண்டாலும் தண்ணியை வடிய விட்டு, ஹெட் நட்டு ஒம்பதையும் கொஞ்சம் கொஞ்சமா சுத்துமுறையில இளக்க வேணும்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வராட்டி இடுக்குக்குள்ள ஸ்குறூ டிறைவரைக் குத்தாதேங்கோ, மட்டம் கெட்டுப்போகும். எஞ்சினை இறக்க முதல் எண்டா பிளக்குகளைத் திரும்பப் பூட்டி ஸ்ராட்டரில ஒரு சுத்து விடுங்கோ, கொம்பிரசனே ஹெட்டைக் கிளப்பிவிடும். இறக்கின பிறகு எண்டா மரத்துண்டை வைச்சுப் பக்கவாட்டில மெதுவாத் தட்டுங்கோ.

பிஸ்ரன் மேலாலதான் வரும். மேல் விளிம்பில தேய்மானத்தால ஒரு வரம்பு நிக்கும், நகத்தை ஓட்டிப் பாத்தா தட்டுப்படும். அந்த வரம்பைச் சுரண்டி எடுத்துப்போட்டுத் தள்ளினா பிஸ்ரன் உடையாது. பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கிற கொன்ரொட்டையும் அதின்ர அடிமூடியான கப்பையும் பிரிச்ச கையோட அதே சோடியாத் திரும்பப் பூட்டி வையுங்கோ, இலக்கம் இல்லாட்டி சென்ரர் பஞ்சால பக்கத்தில புள்ளி போடுங்கோ: ஒண்டுக்கு ஒண்டு, ரெண்டுக்கு ரெண்டு. சோடி மாறினா ஓட்டையின்ர வட்டம் கெட்டுப் பெயரிங் பிடிக்கும். எனக்கு ஒரு பட்டறையில கப்புகளைக் கழட்டி ஒரு வாளிக்குள்ள ஒண்டாப் போட்டுத் தந்தவை. புள்ளி போட்டிருந்தபடியா தப்பினன்.

948இல பிஸ்ரன் பின்னை கொன்ரொட்டின்ர மேல்முனையில ஒரு சின்ன போல்ட்தான் நெரிச்சுப் பிடிச்சிருக்கு. அதைக் கழட்டவும் இறுக்கவும் ரொட்டை வைஸில பிடிக்காதேங்கோ, ரொட் முறுகும். பின்னின்ர ரெண்டு பக்கத்தையும் தாங்கிப் பிடிச்சுத்தான் செய்ய வேணும். 1098இல இந்தப் போல்ட் இல்லை, பின் சேர்க்ளிப்பில நிக்கும்.

அளந்துபோட்டு வாங்குங்கோ, வாங்கிப்போட்டு அளக்காதேங்கோ

இதில நான் செய்த விசர்வேலை. எஞ்சின் பிரிக்க முதலே மலிவாக் கிடைக்குது எண்டு 20 ஓவர்சைஸ் பிஸ்ரன் செற் ஒண்டு வாங்கி வைச்சிட்டன். பிரிச்சுப் பழைய பிஸ்ரன்ர தலையில கரியைச் சுரண்டிப் பாத்தா +020 எண்டு அடிச்சிருக்கு. ஆரோ எப்பவோ ஒருக்கா போர் பண்ணியாச்சு. லேத்காரர் அளந்து பாத்து 40 போட்டாத்தான் சுத்தமாகும் எண்டார். வாங்கின செற் இப்பவும் அலுமாரிக்கு மேல கிடக்கு.

லேத்தில கதைக்கிற கணக்கு "தௌ". ஒரு அங்குலத்தின்ர ஆயிரத்தில ஒரு பங்கு. பிஸ்ரன் 10, 20, 30, 40 தௌ பெரிசா வரும், பெயரிங் அதே கணக்கில கிராங்கைக் கடைஞ்சதுக்குத் தக்கதா வரும். கிராங்கை நீங்களே ஒருக்காப் பாருங்கோ: துடைச்சுப்போட்டு விரல்நகத்தைத் தேய்ஞ்ச மேற்பரப்பில குறுக்கா இழுங்கோ. நகம் எங்கயாவது தடக்கினா கடையத்தான் வேணும். தடக்காட்டியும் மைக்ரோமீற்றரில ரெண்டு திசையில அளக்க வேணும், கிராங் முட்டை வடிவாத் தேயும்.

லேத்துக்குக் குடுக்கேக்க வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ, தாளில எழுதுங்கோ. புளொக் போர் பண்ணுறது, புதுப் பிஸ்ரனைக் கையில குடுத்து அதின்ர அளவுக்கு. கிராங் கடையிறது. ஹெட் மட்டம் பாத்துச் சீவுறது, வேணுமெண்டா மட்டும். எக்ஸோஸ்ற் வால்வுக்கு கடினமான சீற் (வால்வ் வந்து பொருந்துற வளையம்) அடிக்கிறது. இந்தக் கடைசி வேலை கட்டாயம் எண்டு நான் சொல்லுவன். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தது, அந்த ஈயம்தான் வால்வ் சீற்றை மெத்தை மாதிரிக் காப்பாத்தினது. இப்ப பெற்றோலில அது இல்லை, வெறும் வார்ப்பிரும்புச் சீற் மெல்ல மெல்ல உள்ளுக்குப் போகும், ரப்பற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையில விடுற இடம், ஒவ்வொரு மாசமும் குறைஞ்சுகொண்டு வரும்.

புளொக் திரும்பி வந்தவுடன பூட்டத் தொடங்காதேங்கோ. போர் பண்ணின தூள் மண்ணெண்ணெயில போகாது. சுடுதண்ணி, சவர்க்காரத்தூள், பிறஷ். கிணத்தடியில வைச்சு உரஞ்சுங்கோ, வெள்ளைத்துணியால போரைத் துடைச்சா துணி வெள்ளையா வரும்வரைக்கும். எனக்கு ஆறுதரம் எடுத்தது. ஒயில் போற வழியள் எல்லாத்துக்குள்ளயும் போத்தில் கழுவிற பிறஷ் விட்டு, காத்து அடிச்சுக் காய வையுங்கோ. காய்ஞ்ச கையோட ஒயில் பூசுங்கோ, எங்கட உப்புக்காத்துக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாறதுக்குள்ள துரு மஞ்சளா நிக்கும்.

பூட்டுறது

கிராங் முதல். மூண்டு மெயின் பெயரிங். பெயரிங்கின்ர பின்பக்கமும் அது இருக்கிற குழியும் காய்ஞ்சு சுத்தமா இருக்க வேணும், உள்பக்கத்துக்கு மட்டும் ஒயில். நடு மெயினில வாற அரைவட்டத் த்ரஸ்ற் வோசரின்ர ஒயில் காடி வெளிப்பக்கம், கிராங்கைப் பாத்து நிக்க வேணும், மறுவளமா வைச்சா கெதியாத் தேயும். பிளாஸ்ரிகேஜ் வைச்சு ஒருக்கா இறுக்கிக் கழட்டிப் பாருங்கோ, ஒண்டில இருந்து ரெண்டரை தௌ வரைக்கும் இடைவெளி இருந்தாக் காணும். மெயின் போல்ட் 60 இறாத்தல் அடி. ஒவ்வொரு கப் இறுக்கின பிறகும் கிராங்கைக் கையால சுத்துங்கோ. இறுகினா அந்தக் கப்பிலதான் பிழை, மூண்டையும் இறுக்கிப்போட்டுத் தேடினா கண்டுபிடிக்கேலாது.

ரிங் இடைவெளி. ரிங்கை போருக்குள்ள விட்டு, பிஸ்ரனைத் தலைகீழாப் பிடிச்சு ஒரு அங்குலம் கீழ தள்ளினா ரிங் நேரா நிக்கும், இப்ப வாயில ஃபீலர் கேஜ். 7 தொடக்கம் 12 தௌ. குறைவா இருந்தா சின்ன அரத்தால அராவுங்கோ, வெளியில இருந்து உள்ளுக்கு, ஒரு திசையில மட்டும். குறைவா விட்டா சூட்டில ரிங் வாய் முட்டி உடையும். பிஸ்ரனில ஏத்தேக்க மேல்பக்கம் எண்டு குறி இருக்கிற ரிங்குகளைப் பாருங்கோ, வாயள் ஒரே நேர்கோட்டில வராமல் சுத்திவர விலத்தி வையுங்கோ. பிஸ்ரன் ரிங் கொம்பிரசருக்குள்ளால சுத்தியல் பிடியின்ர மரப்பக்கத்தால தட்ட இறங்கும். தடக்கினா நிப்பாட்டுங்கோ. ஒரு ரிங் வெளியில நிக்குது எண்டு அர்த்தம், இன்னும் ஒரு தட்டுத் தட்டினா ரிங் முறியும். கொன்ரொட் போல்ட் 35 இறாத்தல் அடி, பூட்டுத்தகடு புதுசு.

ரைமிங் செயினில ரெண்டு பல்சக்கரத்திலயும் ஒவ்வொரு புள்ளி இருக்கு, ரெண்டு புள்ளியும் ஒண்டை ஒண்டு பாத்து ஒரே கோட்டில நிக்க வேணும். செயின் போட்ட பிறகு ரெண்டு முழுச்சுத்து சுத்தித் திரும்பப் பாருங்கோ. கிராங் முன்பக்கத்தில போடுற ஒயில் எறியிற தகட்டில எஃப் எண்டு எழுத்து இருந்தா அது முன்னுக்குத் தெரிய வேணும். மறுவளமா வைச்சா முன்பக்கம் ஒயில் ஒழுகும். பின்பக்கம் கொஞ்சம் ஒழுகுறதுக்கு மனசைத் தயார்ப்படுத்துங்கோ, அங்க ரப்பர் சீல் எண்டு ஒண்டு கிடையாது, கிராங்கில வெட்டின புரிதான் ஒயிலைத் திருப்பி உள்ளுக்கு அனுப்புது.

வால்வுகளை அரைக்கிற பேஸ்ற் போட்டு கையால உரஞ்சி, சீற்றில சாம்பல் நிறத்தில முறியாத ஒரு வளையம் தெரியும்வரைக்கும் செய்யுங்கோ. பிறகு ஸ்பிறிங் பூட்டி, காத்தும் புகையும் போய்வாற போர்ட்டுகள் மேல பாக்க ஹெட்டைப் பக்கவாட்டில வைச்சு, போர்ட்டுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டுப் பத்து நிமிசம் பாருங்கோ. வால்வ் ஓரத்தில ஈரம் கசிஞ்சா இன்னும் உரஞ்ச வேணும். மண்ணெண்ணெய்க்கு இந்தக் கார்ல இனி இருக்கிற ஒரே வேலை இதுதான்.

ஹெட் கஸ்கற்றில மேல், முன் எண்டு எழுத்து இருக்கும், பாத்து வையுங்கோ. ஹெட் நட்டு நடுவில தொடங்கி வெளிப்பக்கமா, 20, 30, பிறகு 40 இறாத்தல் அடி. ரொக்கரின்ர சின்ன நட்டுகள் 25.

ரப்பற் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில 12 தௌ. எந்த வால்வை எப்ப பாக்கிறது எண்டதுக்கு ஒம்பது கணக்கு: எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க ஒண்டாவதைப் பாருங்கோ, ஏழு திறக்கேக்க ரெண்டு, ஆறு திறக்கேக்க மூண்டு, ரெண்டையும் கூட்டினா எப்பவும் ஒம்பது.

முதல் ஸ்ராட்

ஒயில் ஃபில்ரரை நிரப்பிப் பூட்டுங்கோ. பிளக் நாலையும் கழட்டிவிட்டு ஸ்ராட்டரில விட்டு விட்டுச் சுத்துங்கோ, ஒயில் லைற் அணையும்வரைக்கும், அல்லது ரொக்கரில ஒயில் ஊறிவாறது கண்ணால தெரியும்வரைக்கும். அதுக்குப் பிறகுதான் பிளக். பிளக் இடைவெளி 25 தௌ, டிஸ்ரிபியூற்றருக்குள்ள இருக்கிற பொயின்ற் 15 தௌ, பத்துற ஒழுங்கு 1-3-4-2.

இந்த முதல் ஸ்ராட்டை பழைய காபரேற்றரோடதான் செய்யுங்கோ, அது ஓரளவு வேலை செய்திருந்தா. எஞ்சினும் புதுசு காபரேற்றரும் புதுசு எண்டா, ஓடாட்டி எதைச் சந்தேகப்படுறது? ஓடத்தொடங்கினா சும்மா ஐடிலில கன நேரம் விடாதேங்கோ, ரிங் போரோட பொருந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் பாரம் வேணும். தண்ணி, ஒயில் ஒழுக்குப் பாத்துப்போட்டு றோட்டுக்கு எடுங்கோ, ஏத்தி இறக்கி ஓடுங்கோ, முதல் 500 மைலுக்கு 45 மைல் வேகத்துக்கு மேல போகாதேங்கோ. பிறகு ஒயில் மாத்தி, ஹெட் நட்டைத் திரும்ப இறுக்கி, ரப்பற் பாருங்கோ. ஹெட் இறுக்கினா ரப்பற் மாறும், அதால அந்த ஒழுங்கிலதான்.

இப்ப காபரேற்றர்

1950களின்ர கடைசியில வந்த 948இல எஸ்.யூ கொம்பனியின்ர எச்2 காபரேற்றர் இருக்கும். பிறகு வந்ததுகளில எச்.எஸ்.2. ரெண்டுக்கும் வாய் ஒண்டேகால் அங்குலம், ரெண்டு போல்ட். எச்2இல ஜெட்டைச் சுத்தி கோர்க் வளையங்கள், அது காய்ஞ்சா பெற்றோல் சொட்டும். எச்.எஸ்.2இல புளோட் கிண்ணத்தில இருந்து ஒரு நைலோன் குழாய் நேரா ஜெட்டுக்கு வருது, அந்தக் கரைச்சல் இல்லை. மாத்துறதுக்கு உண்மையான காரணம் இவ்வளவுதான், பிக்கப் கூடும் எண்டு நினைச்சு மாத்தாதேங்கோ. சிலபேர் ஜப்பான் காபரேற்றரை இடையில தகடு வைச்சுப் பூட்டுகினம், ஓடுது, எனக்கு விருப்பமில்லை. எஸ்.யூவில ஒரு ஜெட், ஒரு ஊசி, ஒரு பிஸ்ரன், பிரிச்சா மேசையில ஒரு தட்டத்துக்குள்ள அடங்கும்.

பழசு வாங்கேக்க பாக்க வேண்டியது: த்ரொட்டில் தண்டைப் பிடிச்சு மேல கீழ ஆட்டுங்கோ. ஆடினா அதால காத்து உள்ளுக்குப் போகும், எப்பிடிச் செற் பண்ணினாலும் ஐடில் நிக்காது, நான் முதல் எடுத்துப் பாத்த மூண்டும் ஆடினது. மேல்தொப்பியும் உள்ளுக்கிருக்கிற பிஸ்ரனும் ஒண்டுக்கொண்டு பொருத்திச் செய்த சோடி, வேற வேற காபரேற்றரில இருந்து கலந்து தந்தா எடுக்காதேங்கோ. பிஸ்ரனை விரலால தூக்கி விட்டா "டொக்" எண்டு உலோகச் சத்தத்தோட விழ வேணும். சத்தம் இல்லாமல் நிண்டா ஊசி ஜெட்டில முட்டுது.

இனி ஊசி. பஞ்சிகாவத்தையில கிடைக்கிற எச்.எஸ்.2 கனக்க மினியில இருந்து வந்தது. 850 மினிக்கு வாறது ஈ.பி ஊசி. 948 மைனருக்கு எம், 1098க்கு ஏ.என். ஈ.பியை அப்பிடியே விட்டா 948க்கு மெலிஞ்ச கலவை, எஞ்சின் சூடாகும், அக்சிலரேற்றர் குடுக்கேக்க இருமும். ஊசியின்ர தண்டில எழுத்து அடிச்சிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கோ. பூட்டேக்க ஊசியின்ர தோள் பிஸ்ரன்ர அடிமட்டத்தோட சமனா நிக்க வேணும். காபரேற்றர் பிஸ்ரன்ர ஸ்பிறிங்குக்கு சிவப்பு நிறக் குறி. புளோட் மூடியைக் கவிழ்த்துப் பிடிச்சா புளோட்டுக்கும் மூடி விளிம்புக்கும் இடையில 1/8 அங்குலக் கம்பி நுழைய வேணும், 3/16 கம்பி நுழையக்கூடாது.

பூட்டேக்க புளோட் கிண்ணம் நிமிர்ந்து நிக்குதோ எண்டு பாருங்கோ. அதுக்கும் உடம்புக்கும் இடையில இருக்கிற ரப்பர் துண்டு பல சரிவில வரும், மினியின்ர துண்டு மைனருக்குச் சரியா வரும் எண்டு இல்லை. என்ரையில கிண்ணம் சரிஞ்சு நிண்டு ரெண்டு நாள் பெற்றோல் வழிஞ்சது, நான் புளோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தன். மனிஃபோல்டுக்கும் காபரேற்றருக்கும் இடையில சூடு தடுக்கிற தடிச்ச துண்டு போட்டா ரெண்டு பக்கமும் கஸ்கற். போல்ட்டை விசர்த்தனமா இறுக்காதேங்கோ, ஃபிளான்ஜ் வளைஞ்சு நடுவால காத்து இழுக்கும். அக்சிலரேற்றர் கேபிள், சோக் கேபிள் பிடிக்கிற கையள் எச்2இல இருந்து வித்தியாசம், சின்னத் தகடு வளைச்சுச் செய்ய வேண்டிவரும். செய்தாப் பிறகு ஒராளை உள்ளுக்கு இருத்தி அடிமட்டும் மிதிக்கச் சொல்லி, பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்குதோ, விட்டவுடன படக்கெண்டு மூடுதோ எண்டு கண்ணால பாருங்கோ. டிஸ்ரிபியூற்றருக்குப் போற வக்யூம் பைப்பை மறக்காதேங்கோ.

காபரேற்றரின்ர மேல் மூடியைக் கழட்டி, பிஸ்ரன்ர துள்ளலை அடக்கிற டாம்பருக்கு மெல்லிசான ஒயில், 20 நம்பர், உள்குழாய் நிரம்பி அரை அங்குலம் மேல நிக்க.

கலவை: அடியில இருக்கிற அறுகோண நட்டை முழுக்க மேல ஏத்துங்கோ, பிறகு பன்ரெண்டு முகம், அதாவது ரெண்டு சுத்து, கீழ இறக்குங்கோ. இதில ஸ்ராட் வரும். எஞ்சின் நல்லா சூடாகின பிறகு, பிஸ்ரனைத் தூக்கிற சின்னப் பின்னால ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாத் தூக்கிப் பாருங்கோ. சத்தம் கூடி அப்பிடியே நிண்டா கலவை கூடிப்போச்சு, நட்டை ஒரு முகம் மேல. சத்தம் விழுந்து நிக்கப் பாத்தா குறைவு, ஒரு முகம் கீழ. கொஞ்சம் கூடி உடனே பழைய இடத்துக்கு வந்தா சரி. ஒரு நேரத்தில ஒரு முகம் மட்டும், ஒவ்வொரு முறையும் அக்சிலரேற்றரை ஒருக்கா உறுக்கி விட்டுப்போட்டுப் பாருங்கோ. ரப்பற், பொயின்ற், ரைமிங் மூண்டும் சரியா இல்லாமல் இந்த நட்டைத் தொட்டா நாள் முழுக்கச் சுத்திக்கொண்டிருக்கலாம்.

பிறகு பத்துப் பதினைஞ்சு மைல் ஓடி, ஓட்டத்திலயே சுவிச்சை நிப்பாட்டி, கிளச்சை மிதிச்சு ஓரங்கட்டி பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. தேத்தண்ணிக் கபிலம் எண்டா சரி. கறுப்புப் புகைக்கரி எண்டா கலவை கூட, வெள்ளை எண்டா குறைவு. நான் சாவகச்சேரி வரை போய் றோட்டோரமா நிண்டு கழட்டினனான், சூட்டுப் பிளக் கையைச் சுட்டது, நாலும் ஒரே நிறம்.

பழைய எச்2ஐ எறியாதேங்கோ. கோர்க் செற் இப்பவும் வாங்கலாம். நான் அதைப் பிறகு பிரிச்சுப் பாத்தனான், ஜெட்டுக்கு அடியில கபில நிறத்தில அரக்கு மாதிரி ஒரு படை, கத்தியால சுரண்ட வேண்டி வந்தது. மணந்து பாத்தா, அத்தனை வருசத்துக்குப் பிறகும், மண்ணெண்ணெய்.